ஊதோன் பெயர் பொறித்த வெண்கல டயானா: அசலா, நகலா?

பிப்ரவரி 4, கேள்வி

வணக்கம். நான் பிரான்சில் லியோன் பக்கம் இருக்கிறேன். வீட்டைக் காலி செய்து பொருள்களை விற்ற ஒருவரிடம் போன வாரம் ஒரு வெண்கலப் பெண் சிலை வாங்கினேன். ரோமானியரின் வேட்டைத் தேவி டயானாவாம். உடம்பில் ஆடை இல்லை, நெற்றிக்கு மேல் பிறை, இடக்கையில் வில். ஒற்றைக் காலில் ஓடுகிற மாதிரி நிற்கிறாள். பாதத்துக்குக் கீழே ‘ஊதோன்’ என்று கையெழுத்து தெளிவாக இருக்கிறது. தேடிப் பார்த்தேன். 18ஆம் நூற்றாண்டுச் சிற்பியாம், லூவ்ர் அருங்காட்சியகத்திலேயே அவர் வேலை இருக்கிறதாம். கையெழுத்தே இருப்பதால் இது அவர் கையால் செய்த அசல்தான் என்று நினைக்கிறேன். சிலைக்குள்ளே 37 என்று ஓர் எண்ணும் வெட்டியிருக்கிறது. 37ஆவது பிரதி என்று அர்த்தமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிப்ரவரி 4, இரவு, பதில்

கையெழுத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதே தம்பி. சிலையைத் திருப்பி, அடித்தட்டின் ஓரத்தைச் சுற்றிலும் பார். ‘பார்பதியென்’ என்ற பெயரோ, ஒரு ஆள் முகம் பதித்த சின்ன வட்ட முத்திரையோ இருக்கிறதா? படம் எடுத்துப் போடு. மெருகு போட்டு மட்டும் துடைத்துவிடாதே. ஈரத்துணி கூட இப்போது வேண்டாம்.

பிப்ரவரி 5

படம் பார்த்தேன். நினைத்தது சரி. ‘எஃப். பார்பதியென் ஃபோந்தர்’ என்ற எழுத்தும், கொலா முத்திரையும் இருக்கின்றன. ஃபோந்தர் என்றால் வார்ப்பவர். அப்படியானால் இது பாரிசில் பார்பதியென் கம்பெனி வார்த்த சிலை. ஊதோன் 1741இல் பிறந்து 1828இல் இறந்தவர். பார்பதியெனும் கொலாவும் சேர்ந்து கம்பெனி தொடங்கியது 1838இல். சிற்பி போய்ப் பத்து வருடம் கழித்து. எனவே அவர் கை இதில் பட்டிருக்க வழியில்லை. அந்தக் கையெழுத்துக்கு ‘இந்த உருவத்தைப் படைத்தவர் ஊதோன்’ என்பது மட்டும்தான் பொருள்.

மனசு விட்டுவிடாதே. சொல்வதற்கு நிறைய இருக்கிறது.

அஷில் கொலா ஒரு பொறியாளர். பெரிய சிலையைச் சின்னதாக்க ஓர் இயந்திரம் செய்தார். நீளமான ஒரு கை, அதில் இரண்டு முனை. ஒரு முனை பெரிய சிலையின் மேல் தடவிக்கொண்டே போகும். இன்னொரு முனை அதே அசைவைக் குறைந்த அளவில் வாங்கி, மெதுவான சுண்ணச் சாந்துக் கட்டியைச் செதுக்கும். பள்ளிக்கூடத்தில் படத்தைப் பெரிதாக்கவும் சிறிதாக்கவும் ஒரு மரச்சட்டம் வைத்திருப்பார்களே, அதையே முப்பரிமாணத்தில் நினைத்துக்கொள். இயந்திரத்தில் முதலில் பேர் வாங்கியது லூவ்ரில் இருக்கிற பழைய கிரேக்கச் சிலை, மீலோவின் வீனஸ். அப்புறம் வரிசையாகக் கிரேக்க, ரோமானிய, பிரெஞ்சுச் சிலைகள். அருங்காட்சியகத்தில் இரண்டு மீட்டர் உயரத்தில் நிற்கிற தேவி, நடுத்தர வீட்டின் கணப்படுப்புத் திட்டின் மேல் வந்து நின்றாள். ஒரே உருவத்தை நாலைந்து அளவுகளில் விற்றார்கள். வசதிக்கு ஏற்ற அளவை வாங்கிக்கொள்ளலாம்.

பிப்ரவரி 5, பிற்பகல்

37 பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். அது பிரதி எண் இல்லை. இத்தனை பிரதிதான் என்று வரையறுத்து எண் போடுகிற வழக்கம் அப்போது இந்தக் கடைகளில் கிடையாது. பிரான்சில் வெண்கலத்தை அசல் என்று சொல்ல எட்டுப் பிரதி என்ற வரம்பு 1968 வாக்கில்தான் விதியாக வந்தது. உன் 37 பட்டறைக்காரர்கள் போட்டுக்கொண்ட குறி. சிலையைத் துண்டு துண்டாக வார்த்துப் பிறகு பொருத்துவார்கள். எந்தக் கை எந்த உடம்புக்கு என்று குழம்பாமல் இருக்க ஒரே எண்ணை எல்லாத் துண்டிலும் வெட்டுவார்கள். கையின் பொருத்து வாய்க்குள் எட்டிப் பார்க்க முடிந்தால் அங்கேயும் 37 இருக்கும்.

பிப்ரவரி 6

‘அப்படியானால் இது தொழிற்சாலைச் சரக்கு, அலங்காரப் பொருள், அவ்வளவுதானே’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எனக்கு இது மனசுக்கு வலிக்கிற பேச்சு. பதினோரு வருடமாகப் பாரிஸ் புறநகரில் ஒரு பழுதுபார்க்கும் பட்டறையில் பழைய வெண்கலத்தோடுதான் என் நாள் போகிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் சாந்து உருவத்திலிருந்து வெண்கலத்திலேயே ஒரு தாய் உருவம் செய்வார்கள். அதற்கு செஃப்-மோதெல் என்று பெயர். அது துண்டு துண்டாகக் கழன்று வரும். ஒவ்வொரு துண்டையும் இரும்புச் சட்டத்துக்குள் மணலில் அழுத்தி அச்சு எடுப்பார்கள். பாரிசுக்குத் தெற்கே ஃபோந்தனே-ஓ-ரோஸ் ஊர் மணலுக்குத்தான் மரியாதை. மாவு போல மெல்லியது, களிமண் கலந்தது, கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும். அந்த அச்சில் உலோகம் ஊற்றுவார்கள். உள்ளே வேறொரு மணல் உருண்டை இருப்பதால் சிலை பொள்ளலாக, சில மில்லிமீட்டர் கனத்தில் வரும்.

இது வரை சரி, தொழிற்சாலைதான். ஆனால் அச்சிலிருந்து வெளியே வருவது டயானா இல்லை. மேலெல்லாம் சொரசொரப்பு, அச்சு சேர்ந்த இடத்தில் முதுகெலும்பு மாதிரி மெல்லிய விளிம்பு, மூக்கு நுனியில் ஒரு கட்டி. ஒருவர் கையையும் உடம்பையும் பொருத்தி ஆணி அடித்து மூட்டுவார். அடுத்தவர் அரமும் சிற்றுளியும் எடுத்து உட்காருவார். பிரெஞ்சில் அவரை சிஸலர் என்பார்கள். தோலைத் தோலாகவும் கூந்தலைக் கூந்தலாகவும் ஆக்குவது இந்த ஆள்தான். என்னிடமும் இதே டயானா ஒன்று இருக்கிறது, 45 சென்டிமீட்டர். அவள் காதுக்குப் பின்னால் கூந்தல் ஏறித் தலை உச்சியில் முடிச்சாகிற இடத்தை உருப்பெருக்கியில் பார்த்தால், ஒவ்வொரு இழைக்கும் தனித்தனிக் கோடு. கோட்டின் தொடக்கம் ஆழமாக, முடிவு லேசாக, கடைசியில் காற்றில் விட்ட மாதிரி. ஒரு கோடு மட்டும் சறுக்கிப் பக்கத்துக் கோட்டைத் தொட்டிருக்கிறது. அந்த ஆளின் உளி ஒரு நாள் அரை மில்லிமீட்டர் வழுக்கியிருக்கிறது. பேர் தெரியாத மனிதர். அந்தச் சறுக்கலைப் பார்க்கும்போதெல்லாம் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும் எனக்கு.

கடைசியில் அமிலமும் சூடும் கொடுத்து மேல்நிறம் ஏற்றுவார்கள். அதைத்தான் பாட்டினா என்கிறோம். அது அழுக்கு இல்லை. சிலையின் பாதி அழகு அதில்தான்.

பிப்ரவரி 6, இரவு

‘நம்ம ஊர்ச் சிலை மாதிரி மெழுகு வார்ப்பு இல்லையா’ என்று கேட்டவருக்கு: இல்லை. சுவாமிமலையில் மெழுகில் உருவம் செய்து, மேலே காவிரி வண்டல் பூசி, மெழுகை உருக்கி வடித்து, உலோகம் ஊற்றுகிறார்கள். அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். ஓர் அச்சுக்கு ஒரு சிலை. பார்பதியென் முறையில் தாய் உருவம் வெண்கலம், ஆகவே அதை வைத்து எத்தனை தடவை வேண்டுமானாலும் மணலில் அச்சு எடுக்கலாம். பிரெஞ்சுச் சிற்பி ரொதேனின் ‘முத்தம்’ சிலையை இதே கம்பெனி 1898 முதல் 1918 வரை 319 தடவை வார்த்திருக்கிறது. ‘ஒன்றே ஒன்று’ என்ற மரியாதையை இந்தச் சிலைகளிடம் எதிர்பார்க்கக் கூடாது. வேறு மரியாதை இருக்கிறது.

பிப்ரவரி 8

காந்தம் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை, ஆகவே வெண்கலம் உறுதி என்று தம்பி எழுதியிருக்கிறார். காந்தம் இங்கே உதவாது. துத்தநாகக் கலவையிலும் ஒட்டாது. பிரெஞ்சில் அதை ரேகுல் என்பார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெண்கலம் வாங்க முடியாதவர்களுக்காக ரேகுலில் வார்த்து வெண்கல நிறம் பூசி ஏராளமாக விற்றார்கள். காந்தம் ஒட்டினால் இரும்பு என்று தெரியும், அவ்வளவுதான்.

இது எனக்கு அனுபவத்தில் வந்த பாடம். பிரான்சுக்கு வந்த இரண்டாம் வருடம் ஒரு கடையில் ‘வெண்கல டயானா’ என்று சொல்லி விற்றதை நம்பி வாங்கினேன். பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பட்டறையில் மூத்தவர் அதைக் கையில் வாங்கினார், எடை பார்த்தார், நகத்தால் சுண்டினார். மணி மாதிரி ஒலிக்கவில்லை, மரப்பெட்டியைத் தட்டிய மாதிரி ‘டொக்’ என்றது. அடியில், வெளியே தெரியாத இடத்தில் ஊசியால் ஒரு சின்னக் கீறல் போட்டார். வெள்ளி மாதிரி சாம்பல் வெள்ளை. வெண்கலமாக இருந்திருந்தால் பொன் மஞ்சளாக மின்னியிருக்கும். ஒன்றும் பேசாமல் திருப்பிக் கொடுத்தார். அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

உன் சிலையின் அடியில் ஏற்கெனவே தேய்ந்த இடம் மஞ்சளாகத் தெரிகிறது. கீறல் போடத் தேவையில்லை.

பிப்ரவரி 9

உயரம் 44.3 சென்டிமீட்டர் என்று அளந்து அனுப்பியிருக்கிறாய். இதைப் படித்ததும் எனக்குக் கவலை வந்தது. காரணத்தை மறைக்க விரும்பவில்லை.

உருகிய வெண்கலம் ஆறும்போது ஏறத்தாழ ஒன்றரை சதவிகிதம் சுருங்கும். கம்பெனி இதைக் கணக்கில் வைத்துத்தான் தாய் உருவத்தைச் செய்யும். ஆனால் யாராவது கடையில் வாங்கிய சிலையின் மேலேயே அச்சு எடுத்து இன்னொன்று வார்த்தால், அது மறுபடியும் சுருங்கும். அதற்கு சர்மூலாஷ் என்று பெயர், சிலை மேல் எடுத்த சிலை. எழுத்து, முத்திரை எல்லாம் அப்படியே வந்துவிடும், கொஞ்சம் மழுங்கி. என்னுடையது 45. அதில் ஒன்றரை சதவிகிதம் கழித்தால் 44.3. அச்சு அசலாக உன் அளவு. 1981க்குப் பிறகு பிரான்சில் இப்படி வார்ப்பதில் ‘ரெப்ரொதுக்சியோன்’, அதாவது நகல், என்று பொறித்தாக வேண்டும் என்று அரசாணை இருக்கிறது. பழையதில் அப்படி எதுவும் இருக்காது.

எனக்கு இது சர்மூலாஷ் என்றே தோன்றுகிறது. வருத்தமாக இருக்கிறது தம்பி.

பிப்ரவரி 10, அதிகாலை

தூக்கம் வரவில்லை. நேற்று அவசரப்பட்டுவிட்டேனோ என்று படங்களை மறுபடி பார்த்தேன். முத்திரையில் கொலாவின் முகம், அதைச் சுற்றி எழுத்து, ஒவ்வொன்றும் கூர்மையாக இருக்கிறது. மறுவார்ப்பில் இப்படி வராது. கூந்தல் கோடும் கூர்மை. பிறகு ஏன் ஏழு மில்லிமீட்டர் குறைகிறது?

தம்பி, பிறையைக் கிட்டத்தில் படம் எடு. முன்னாலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று.

பிப்ரவரி 10, மாலை

பிறையின் இரண்டு நுனியும் இல்லை! எங்கோ விழுந்து ஒடிந்திருக்கிறது. பிறகு யாரோ அரத்தால் வழவழப்பாகத் தேய்த்துவிட்டார்கள், அதனால் கண்ணுக்குப் படவில்லை. உயரத்தை நிலா நுனிவரை அளந்ததில்தான் தப்பு. தப்பு என்னுடையது, எங்கே ஆரம்பித்து எங்கே முடிக்க வேண்டும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும்.

உடையாத, வளையாத இரண்டு இடங்களுக்கு நடுவில் காலிப்பர் வைத்து அள. ஊன்றிய காலின் முழங்கால் மடிப்பு உள்பக்கம் ஒரு முனை, அதே பக்கத் தோள்பட்டை எலும்பின் மேடு இன்னொரு முனை. என்னுடையது 231 மில்லிமீட்டர். மறுவார்ப்பானால் உனக்கு 227, 228 வரும்.

பிப்ரவரி 12

231. மூன்று தடவை அளந்தானாம், மூன்று தடவையும் 231.

9ஆம் தேதி நான் எழுதியதை யாரும் எடுத்துப் பயன்படுத்த வேண்டாம். சுருக்கக் கணக்கு சரி, அளந்த இடம் தப்பு. சிலை பார்பதியெனின் தாய் உருவத்திலிருந்து வந்ததுதான்.

காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கொலா 1859இல் இறந்தார், ஆகவே முத்திரை இருந்தால் 1859க்கு முந்தையது என்று சில விற்பனையாளர்கள் எழுதுகிறார்கள். அது சரியில்லை. அவர் இறந்த பிறகும் கம்பெனி முத்திரையைத் தொடர்ந்து பதித்தது. பார்பதியென் 1892இல் இறந்தபின் அவருடைய உறவினர் லெப்லாங் நடத்தினார். அவர் பெயர் சேர்ந்து ‘லெப்லாங்-பார்பதியென்’ என்று வந்தால் 1892க்குப் பிந்தையது. உன்னுடையதில் அது இல்லை.

பிப்ரவரி 13

நேற்று ஞாயிறு, லூவ்ருக்குப் போனேன். பிரெஞ்சுச் சிற்பப் பகுதியில் ஊதோனின் பெரிய வெண்கல டயானா நிற்கிறாள். 1790இல் வார்த்தது. பல தடவை பார்த்ததுதான். இங்கே நடக்கிற இந்தப் பேச்சுக்காக மறுபடி போகத் தோன்றியது.

பின்னால் போய் நின்று பாதத்தைப் பாருங்கள். அவ்வளவு பெரிய உடம்பும் ஒரு காலின் முன்பாதத்தில் நிற்கிறது. குதிகால் தூக்கியிருக்கிறது. முட்டு இல்லை, மரக்கட்டை இல்லை, விழுகிற துணி இல்லை. சலவைக்கல்லில் இது நடக்காது, கணுக்கால் ஒடிந்துவிடும். ஊதோன் 1780இல் இதையே சலவைக்கல்லிலும் செய்தார். அதில் காலோடு சேர்த்து நாணல் புதர் ஒன்றைச் செதுக்க வேண்டி வந்தது, எடையைத் தாங்க. அந்தச் சலவைக்கல் டயானா ரஷ்யாவின் கேத்தரின் அரசியிடம் போய், 1930இல் சோவியத் அரசு விற்றபோது எண்ணெய் வணிகர் குல்பென்கியன் வாங்கி, இப்போது லிஸ்பனில் இருக்கிறாள். படத்தில் அந்த நாணலைப் பார்த்தாலே வெண்கலம் இந்தத் தேவிக்கு என்ன கொடுத்தது என்று விளங்கும். ஓடுகிறவளை ஓடவிட்டது வெண்கலம்தான். நம் 45 சென்டிமீட்டர்ச் சிலையிலும் அந்த ஓட்டம் குறையவில்லை. ஊதோன் கொடுத்த சமநிலையைக் கொலாவின் இயந்திரம் ஒரு மயிரிழை பிசகாமல் இறக்கியிருக்கிறது. இதை ‘வெறும் நகல்’ என்று சொல்ல எனக்கு வாய் வராது.

பிப்ரவரி 13, பின்குறிப்பு

டயானாவுக்கு ஏன் ஆடை இல்லை என்று கேட்டவருக்கு. லூவ்ரிலேயே வெர்சாய் டயானா என்ற பழைய ரோமானியச் சலவைக்கல் இருக்கிறது. 1556இல் போப் நாலாம் பவுல் பிரெஞ்சு அரசர் இரண்டாம் ஹென்றிக்குக் கொடுத்தது. அதில் முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டிய குட்டை ஆடை, பக்கத்தில் மான், கை அம்பறாத்தூணியில். வேட்டைக்காரி என்றால் அந்த ஆடைதான் மரபு. டயானா கன்னித் தேவி வேறு. குளிக்கும்போது பார்த்துவிட்ட ஆக்டியோன் என்ற வேட்டைக்காரனை மானாக மாற்றி, அவனுடைய நாய்களே அவனைக் குதறும்படி செய்தவள். அப்படிப்பட்டவளை ஊதோன் ஆடையில்லாமல் ஓடவிட்டதுதான் அன்று பலருக்குச் சங்கடம். எனக்கு அது சரியாகவே படுகிறது. அவள் முகத்தைப் பாருங்கள், யாராவது பார்க்கிறார்களா என்ற நினைப்பே இல்லை. காடு முழுக்க அவளுடையது.

நூறு வருடம் கழித்து ஃபால்கியேர் என்ற பிரெஞ்சுச் சிற்பி 1882இல் காட்டிய டயானா நேர் எதிர். தேவி மாதிரி இல்லை, பாரிஸ் பெண் ஆடையைக் களைந்து நிற்கிற மாதிரி இருக்கிறாள் என்று அப்போதே குறை சொன்னார்கள். அதுவும் சின்ன வெண்கலமாக நிறைய விற்றது. எனக்கு ஊதோன்தான்.

பிப்ரவரி 15

முழங்கையில் பச்சையாக இருக்கிறது, பித்தளை மெருகு போட்டுத் தேய்க்கட்டுமா என்று கேட்கிறாய். வேண்டாம்! காலில் விழுந்து கேட்கிறேன், வேண்டாம்.

என் டயானாவின் வலது முழங்கையில் ஒரு ரூபாய் அளவு பளபளப்பு இருக்கிறது. வாங்கிய முதல் மாதம், பட்டறையில் சேர்வதற்கு முன், மெருகு வாங்கித் துணியால் தேய்த்தேன். முதலில் கருப்பு வந்தது, அழுக்கு என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். அது அழுக்கு இல்லை. அந்தப் பேர் தெரியாத மனிதர் சூடு காட்டிக் காட்டி ஏற்றிய பழுப்பு நிறம் என் துணிக்கு வந்துவிட்டது. அடியில் குழாய்த் திருகு மாதிரி மஞ்சள். பிறகு எத்தனையோ சிலைக்கு நிறம் ஏற்றியிருக்கிறேன். அதை மட்டும் சரி செய்யாமல் வைத்திருக்கிறேன். கை தானாக மெருகு டப்பாவைத் தேடும்போது கண் அங்கே போகட்டும் என்று.

பச்சை மாவு மாதிரி உதிர்ந்தால் நோய், பழுதுபார்க்கிறவரிடம் காட்ட வேண்டும். கெட்டியாக ஒட்டிக்கொண்டு வழவழப்பாக இருந்தால் விட்டுவிடு. படத்தில் கெட்டியாகத்தான் தெரிகிறது. மெல்லிய தூரிகையால் தூசி தட்டு, நிறமில்லாத மெழுகு மிகக் கொஞ்சம் பூசிப் பருத்தித் துணியால் துடை. வருடத்துக்கு ஒரு தடவை போதும்.

பிப்ரவரி 17

வலது கை மூடியிருக்கிறது, விரல்களுக்கு நடுவில் ஓட்டை இருக்கிறது, இது உடைசலா என்று புதுக் கேள்வி. உடைசல் இல்லை, அங்கே அம்பு இருந்தது. தனியாகச் செய்து செருகியது. முதலில் காணாமல் போவது அதுதான். பழைய டயானாக்களில் பாதிக்கு அம்பு இருக்காது. குழந்தைகள் உருவி விளையாடியிருப்பார்கள், வீடு மாறும்போது செய்தித்தாளோடு குப்பைக்குப் போயிருக்கும்.

பிறை நுனியைப் புதிதாகச் செய்து ஒட்டலாமா என்றும் கேட்கிறாய். என் கருத்து, வேண்டாம். அதற்குச் சூடு காட்ட வேண்டும், தலையின் நிறம் போய்விடும். அம்பு வேறு விஷயம். வைத்தால் வைக்கலாம், எடுத்தால் எடுக்கலாம், சிலைக்கு ஒரு கீறலும் விழாது. ஓட்டையின் அகலத்தைத் துரப்பண முனை விட்டுப் பார்த்துச் சொல். அழுத்தாதே, தானாக நுழைகிற அளவு மட்டும்.

பிப்ரவரி 24

2.5 மில்லிமீட்டர் என்றாய். என் டயானாவின் அம்பு பழையது, அதைப் பார்த்து அளவெடுத்துப் பித்தளைக் கம்பியில் ஒன்று செய்தேன். இறகுப் பக்கத்தில் மூன்று கோடு, முனையைத் தட்டையாக அடித்து இலை வடிவில் அரமிட்டேன். நிறம் உன் படத்துக்கு ஒத்துப்போகிற மாதிரி பழுப்பு. உள்ளே நுழைகிற இடத்தை 2.4ஆகக் குறைத்திருக்கிறேன், இறுக்கமாக இருக்காது. பிற்காலத்தில் பார்க்கிறவர்கள் பழைய அம்பு என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காகக் கைக்குள் மறைகிற பகுதியில் இந்த வருடத்தை வெட்டியிருக்கிறேன்.

இன்று காலை தபாலில் போட்டாயிற்று. பசை வைக்காதே தம்பி, செருகினால் போதும், நிற்கும்.